குடி ஒரு பக்கம், மனச்சோர்வு மறுபக்கம்: பணிக் குறிப்புகள்

மார்ச் 3

குடியோடு மனச்சோர்வோ பதற்றமோ சேர்ந்து வருபவரின் முதல் சந்திப்பில் ஒரு வெள்ளைத்தாளைக் குறுக்கே வைத்து நடுவில் நீளமாகக் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே குடி, கஞ்சா, மாத்திரை: எந்த வயதில் தொடங்கியது, எப்போது தினசரியானது, எந்த மாதங்களில் விட்டிருந்தார். கீழே பதற்றம், சோர்வு, தூக்கக்கேடு. வயதைக் கேட்டால் தடுமாறுவார்கள். “பத்தாவது படிக்கும்போதே இருந்ததா? முதல் பிள்ளை பிறந்தபோது?” என்று கேட்டால் சட்டென்று நினைவுக்கு வரும்.

அந்தத் தாளில் தேட வேண்டியது ஒரே இடம்தான்: எதையும் தொடாமல் இருந்த மிக நீண்ட காலம். ஒரு மாதத்துக்கு மேல் குடிக்காமல் இருந்தும் சோர்வு விடவில்லையென்றால், அது தனி நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நாலு பேர் முன்னால் பேசப் பயப்படுவது பெரும்பாலும் பதின்பருவத்திலேயே தொடங்கிவிடும்; அந்தப் பயத்தை அடக்கத்தான் பலருக்குக் குடியே வந்திருக்கும்.

மார்ச் 5

தினமும் நிறையக் குடித்தவர் நிறுத்திய 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத பயம் எல்லாம் தொடங்கும். பார்ப்பதற்கு அப்படியே பீதித் தாக்குதல் போலிருக்கும். அதைப் பதற்ற நோய் என்று எழுதிவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்து. வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும்; குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது, காய்ச்சல் எல்லாம் பொதுவாக இரண்டாம், மூன்றாம் நாளில். முன்பு வலிப்பு வந்தவர் வீட்டில் தானாக நிறுத்தவே கூடாது. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும்போது தயமின் (வைட்டமின் பி1) மறந்துபோகக் கூடாது. உடலில் அது குறைந்திருந்தால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

மார்ச் 6

டயாசிபாம், அல்பிரசோலாம் வகைத் தூக்க மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை. மாதக்கணக்கில் எடுத்தவருக்குத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மார்ச் 12

முதல் வாரத்தில் மனச்சோர்வின் அளவைக் கணிக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாள் கொடுத்தால் எண் எகிறும். அதை வைத்து நோயின் பெயரை முடிவு செய்யாதீர்கள். குடியால் வந்த சோர்வு 2 முதல் 4 வாரங்களில் கணிசமாக வடியும். அதன் 9ஆம் கேள்விக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது அது. அங்கே பூஜ்யம் தவிர எது வந்தாலும் அன்றைக்கே உட்கார்ந்து பேச வேண்டும். குடியால் வந்த சோர்வும் உயிரைப் பறிக்கும்.

“முதலில் குடியை விட்டுட்டு வாங்க, மற்றதை அப்புறம் பார்ப்போம்” என்று திருப்பி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. பயம் அப்படியே இருக்க, குடியை மட்டும் எப்படி விடுவார்? இரண்டையும் ஒரே குழு, ஒரே கோப்பில் பார்க்க வேண்டும்.

மார்ச் 17

மருந்து எழுதும் முன் கேட்க வேண்டியவை. குடிக்காத நாட்களில், நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல், பணத்தை வாரி இறைத்து, ஓயாமல் பேசிய காலம் உண்டா? உண்டென்றால், சோர்வும் மிகையெழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம். சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் இப்படிப்பட்ட மிகையெழுச்சியைக் கிளப்பிவிடலாம். குடியைத் திடீரென நிறுத்தும் கட்டத்தில் பூப்ரோபியான் என்ற சோர்வு மருந்து வேண்டாம், வலிப்புக்கு வழிவிடும். குடி ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மருந்தைத் தொடங்கும் முன் ஓபியாய்டு (அபின் வகை மருந்து) நின்று குறைந்தது 7 முதல் 10 நாள் ஆகியிருக்க வேண்டும். மெத்தடோன் என்ற ஓபியாய்டை எடுத்தவருக்கு இன்னும் அதிகம்.

எஸ்எஸ்ஆர்ஐ வகைச் சோர்வு மருந்து வேலை செய்வது தெரியச் சில வாரங்கள் ஆகும். இதைச் சொல்லாமல் விட்டால், பத்தாம் நாள் “ஒண்ணும் கேக்கல” என்று மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாட்டிலைத் திறப்பார்.

மார்ச் 24

மறுபடி குடித்துவிட்டார் என்றால் முதலில் பழைய தாளை எடுங்கள். முந்தைய பத்து நாளின் தூக்கத்தை அதில் குறியுங்கள். குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், பின்னிரவில் கலைந்துவிடும். மூன்று மணிக்கு விழித்தவர் அந்தப் படபடப்பை அடக்க மறுநாள் சீக்கிரமே தொடங்குவார். மாத்திரையைத் தானாக நிறுத்தியிருந்தால் அந்தத் தேதியையும் எழுதுங்கள். அடுத்த சந்திப்பை ஒரு மாதம் தள்ளாமல் இதே வாரத்தில் வையுங்கள்.