கேட்டுக்கு வெளியே

ஜூலை 9, 2025, புதன்

மயக்க மருந்து டாக்டர் என் விரல் நகத்தைத்தான் முதலில் பார்த்தார். அப்புறம் நெஞ்சில் குழாயை வைத்து இருமச் சொன்னார். "இன்னையோட சிகரெட்டை நிறுத்திடுங்க. குறைஞ்சது நாலு வாரம் வேணும். ஆபரேஷன் முடிஞ்சு இப்படி இருமினீங்கன்னா எல்லாம் தையல்ல போய் விழும்." ஆகஸ்ட் 7 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆட்டோவில் வரும்போது இவள், என் வீட்டுக்காரி, கேட்டாள்: "ஆபரேஷன் வரைக்கும் மட்டுமா?"

எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்க ட்ரெய்லர் வரிசை. பதில் சொல்லாமல் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 10

நிறுத்தியாயிற்று. கன்டெய்னர் யார்டு கேட்டில் ராத்திரி ஷிப்ட். சட்டைப் பையில் பேனா மட்டும்.

ஜூலை 11

தலைவலி. ஒரு டிரைவர் பேப்பரை நாலாக மடித்து நீட்டினார், அதற்கு அவரை அடிக்கலாம் போல் இருந்தது. யாரும் என்னிடம் பேசாமல் இருந்தால் போதும்.

ஜூலை 12, சனி

நிக்கோட்டின் இரண்டு மூன்று நாளில் உடம்பை விட்டுப் போய்விடுகிறது. உடம்பு அதைத் தேடி அலைவது அந்த நாட்களில்தான் உச்சம். படித்து வைத்திருந்தேன். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு, கேட்டில் வண்டி இல்லாத நேரத்தில், படித்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. தொண்டையில் ஆரம்பித்து விரல் வரைக்கும் வந்தது. வலது கையின் இரண்டு விரலும் தானாகச் சேர்ந்துகொண்டன. கேட்டுக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில் மூன்று நெருப்புப் புள்ளிகள். அந்தப் பெஞ்சில் எனக்கு ஒரு இடம் உண்டு.

எழுந்து போகாமல் இருக்க எதிரே நின்ற பெட்டியின் நம்பரை எடுத்துக்கொண்டேன். கன்டெய்னர் கதவில் நாலு எழுத்து, ஆறு எண், கடைசியில் கட்டத்துக்குள் ஒரு எண். அந்தக் கடைசி எண்ணை யாரும் இஷ்டத்துக்குப் போடுவதில்லை, முன்னால் இருக்கிற பத்திலிருந்தும் கணக்குப் போட்டு வருவது. ஏ என்றால் 10, பி என்றால் 12, நடுவில் 11-ஐத் தாண்டிவிட வேண்டும். 22, 33-ஐயும் அப்படியே. முதல் இடத்தை 1-ஆல் பெருக்கு, அடுத்ததை 2, அப்புறம் 4, 8, இப்படியே 512 வரை. எல்லாவற்றையும் கூட்டி 11-ஆல் வகுத்தால் மிச்சம் வருவதுதான் கட்டத்துக்குள் இருக்கிற எண். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் சொல்லிவிடும். நான் மனசிலேயே போட்டேன். எட்டால் பெருக்கும் இடத்தில் தடுமாறி முதலிலிருந்து போட்டேன். விடை சரியாக வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன், ஆசை போயிருந்தது.

ஒரு தடவை வந்தால் சில நிமிஷம்தான் இருக்குமாம். ஒரு பெட்டிக்கு ஆகிற நேரம்.

ஜூலை 14, திங்கள்

சிகரெட் பெட்டி மேலேயே அச்சடித்திருக்கிற, விடுவதற்கு உதவி கேட்கிற நம்பர், 1800-11-2356. இத்தனை வருஷம் கட்டை விரலால் மறைத்துப் பிடித்த நம்பர். அடித்தேன். திங்கட்கிழமை விடுமுறை.

ஜூலை 15

இன்று எடுத்தார்கள். ஒரு பெண், நல்ல தமிழ். தூங்கி எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேட்டார். பல் விளக்குவதற்கு முன்னால் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. எந்தெந்த இடத்தில், யாரோடு, எதற்கு அப்புறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். டீ. சாப்பாட்டுக்கு அப்புறம். லோடு இறங்கக் காத்திருக்கும்போது. பஸ் வருவதற்குள். கழிவறைக்குப் போகும் முன். சூப்பர்வைசர் சத்தம் போட்டால். சம்பளம் வந்தால்.

சொல்லச் சொல்ல எனக்கே பயமாக இருந்தது. ஒரு பழக்கத்தை விட்டதாக நினைத்திருந்தேன். நாளின் ஒவ்வொரு மூலையிலும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுப்பி அனுப்ப வேண்டும். பஸ் ஸ்டாப்பில் ஜெயித்தால் அது டீக்கடையில் செல்லாது.

டீயைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். சிகரெட் புகை காபீனைக் கல்லீரலில் சீக்கிரம் கரைத்துவிடுமாம். புகையை நிறுத்தினால் அதே ஒரு கிளாஸ் டீ உடம்பில் ரொம்ப நேரம் நிற்கும். நெஞ்சு படபடப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. ராத்திரியெல்லாம் ஹார்ட் அட்டாக் என்று பயந்து கிடந்தேன்.

ஜூலை 16

நிக்கோட்டின் சூயிங்கம், 2 மில்லிகிராம். மெடிக்கலில் இருந்த அக்கா கண்ணாடி மேல் கையை ஊன்றி நிதானமாகச் சொன்னார்: "பபிள்கம் மாதிரி மென்னுக்கிட்டே இருக்காதீங்க தம்பி, விக்கல் வரும், வயித்த எரியும். நாலு கடி, நாக்கு சுறுசுறுன்னதும் கன்னத்துல ஒதுக்கி வைங்க. அடங்கினதும் திரும்ப நாலு கடி. அரை மணி நேரம். அதுக்கு முன்னாடி கால் மணி நேரம் டீ, ஜூஸ் எதுவும் கூடாது."

மிளகை மென்ற மாதிரி இருக்கிறது. ஆனால் கேட்கிறது.

ஜூலை 18

வயிறு இறுகிக் கிடக்கிறது. இதுவும் நிறுத்தியதால் வருவதுதானாம். முக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் வேறு சொல்லியிருக்கிறார்கள். பப்பாளி, கொய்யா, ராத்திரி வெந்நீரில் இசப்கோல். வாய்க்குள் புண். பச்சை மிளகாய் தொட முடியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

காசிமேடு. தடைக்காலம் முடிந்து வருகிற மீன், நல்ல கூட்டம். ஏலம் விடுகிற இடத்தில் நின்றபோது ஐஸ் வாசனை வந்தது. ஐஸுக்கு ஒரு வாசனை இருக்கிறது, மரத்தூளும் உப்பும் கலந்து. வஞ்சிரம் ஒரு வாசனை, கூடையில் இருந்த கடம்பா வேறு வாசனை. அம்மா சின்ன வயசில் செவுளைத் தூக்கி முகர்ந்து பார்த்து வாங்குவாள், அது வெறும் வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

வண்டியில் திரும்பும்போது மணலி ஆலைகள் பக்கத்துக் காற்று. அதுவும் வந்தது, முழுசாக. பரவாயில்லை.

ஜூலை 21

ஒன்றும் இல்லை. இரும்புக் கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 23

நாளைக்கு அமாவாசை. அம்மா சாமான் லிஸ்ட் கொடுத்தாள். வாழைக்காய், சேப்பங்கிழங்கு, எள், அகத்திக்கீரை. கடைசியில், எழுதாமல் வாயால்: "அப்பாவுக்கு ஒரு பாக்கெட்டு."

பெட்டிக்கடையில் கேட்டதும் கடைக்காரர் பாக்கெட்டோடு சேர்த்து, தொங்குகிற கயிற்றின் நெருப்பு முனையையும் என் பக்கம் திருப்பிவிட்டார். எனக்கு இல்லை என்றேன். அவர் கேட்காமலேயே சொன்னேன்.

ஜூலை 24, ஆடி அமாவாசை

விடியற்காலையிலேயே திருவொற்றியூர்க் கடலோரம் ஜனம். எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தோம்.

வீட்டில் இலை போட்டு எல்லாம் வைத்தாயிற்று. வெற்றிலைக்குப் பக்கத்தில் அந்தப் பாக்கெட். ஒவ்வொரு வருஷமும் அதில் ஒன்றை நான்தான் பற்றவைத்து இலை ஓரத்தில் வைப்பேன். சிகரெட்டை இழுக்காமல் பற்றவைக்க முடியாது. தீக்குச்சியைக் காட்டினால் தாள் மட்டும் கருகி அணைந்துவிடும். உள்ளே மூச்சை இழுத்தால்தான் நெருப்புப் பிடிக்கும். நேற்று ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு இழுப்பு, அதுவும் அப்பாவுக்கு. இதை விட நல்ல காரணம் எனக்கு இனி கிடைக்காது. அதனால்தான் பயம்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். இவள் பார்க்கவில்லை, பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அம்மா ஒன்றும் சொல்லாமல் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை எடுத்தாள். இடுக்கியால் பிடித்து, சாம்பிராணிக் கரண்டியின் தணலில் முனையை அழுத்தினாள். பிடிக்கவில்லை. விசிறியால் மெதுவாக விசிறினாள். முனை ஒரு ஓரத்தில் சிவந்து, அப்புறம் சுற்றிலும் சிவந்தது. அதை இலை ஓரத்தில் வைத்தாள். சாம்பிராணியும் அதுவுமாக அறை முழுக்கப் புகை. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது வருகிற அதே வாசனை. எனக்கு அழுகை வந்தது. அதோடு சேர்ந்தே ஆசையும் வந்தது, இரண்டும் ஒரே இடத்திலிருந்து. எதிரே கன்டெய்னர் இல்லை. ஞாபகத்தில் இருந்த ஒரு நம்பரை எடுத்து 512 வரை போனேன்.

சாம்பல் உதிராமல் அப்படியே நீளமாக நின்றது. காக்கைக்குச் சோறு வைக்க மாடிக்குப் போய்விட்டேன்.

மிச்ச பாக்கெட்டை அம்மா என்ன செய்தாள் என்று கேட்கவில்லை. எல்லா வருஷமும் "நீ எடுத்துக்கோ" என்பாள்.

ஜூலை 27

கனவு. கேட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிடிக்கிறேன், சுகமாக. விழித்ததும் வாயை மோந்து பார்த்தேன். இல்லை. உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

ஜூலை 30

தூத்துக்குடி லோடு டிரைவர், ரொம்ப நாள் பழக்கம்.

"இன்னாண்ணே, வுட்டுட்டியாமே?"

"ஆமா."

"இந்த ஊரு காத்த இழுக்கறதுக்கு அதையே இழுக்கலாம். மணலிப் பொகை, எண்ணூர் சாம்பல், லாரி டீசல். இதுல தம்மு மட்டும் வுட்டு இன்னா ஆவப்போவுது?"

சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2023 டிசம்பரில் கடலுக்குள் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்த ராத்திரி, பெரியகுப்பம் ஜனம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தது. கண்ணெரிச்சல், மயக்கம், ஆம்புலன்ஸ். அதே மாதம்தான் கழிமுகம் முழுக்க எண்ணெய் படிந்து வலையெல்லாம் கறுத்துப் போனது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் காற்றைத் தவிர வேறு காற்று இல்லை. அதைச் சொல்லி என் நெஞ்சுக்கு நானே இன்னொரு புகையையும் அனுப்ப வேண்டுமா? இந்தக் காற்றில் இருக்கிறவனுக்குத்தான் நுரையீரல் ஒழுங்காக இருக்க வேண்டும். அவரிடம் இதெல்லாம் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. கேட் பாஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது கையில் இருந்ததை வண்டிக்குள் வைத்துப் பற்றவைக்காமல் போனார்.

ஆகஸ்ட் 2

நேற்று ஷிப்டில் ஆசை வரவே இல்லை. காலையில்தான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தெருவில் கூழ். முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. ஸ்பீக்கர் சத்தத்தில் தூக்கம் இல்லை. கூழ் ருசியாக இருந்தது என்று எழுதவே இந்தப் பதிவு.

ஆகஸ்ட் 5

போன். ஆபரேஷன் தியேட்டரில் ஏதோ ரிப்பேர், 7-ம் தேதி இல்லை. "அப்புறம் கூப்பிடுறோம்." எப்போது என்று கேட்டேன். "கூப்பிடுறோம் சார்."

இது வரைக்கும் எதிரே ஒரு சுவர் இருந்தது, அதைப் பார்த்து நடந்தேன். இப்போது சுவரை எடுத்துவிட்டார்கள். ராத்திரி மூளை எவ்வளவு அழகாகக் கணக்குப் போடுகிறது: இன்னும் ஒரு மாசம் ஆகும், தேதி வந்ததும் திரும்ப நிறுத்தினால் நாலு வாரம் கிடைக்கும், அது வரைக்கும் என்ன? நியாயமாகவே தெரிந்தது. டாக்டர் சொன்ன நாலு வாரத்தை வைத்தே என்னை வெளியே கூட்டிக்கொண்டு போகப் பார்த்தது.

ஷிப்டில் இருந்தபடியே இவளுக்குப் போன் செய்தேன். தூக்கத்தில் எடுத்தாள். "நீ அன்னிக்கு ஆட்டோவுல கேட்டியே" என்றேன். "எது?" என்றாள். "ஆபரேஷன் வரைக்கும் மட்டுமான்னு. இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தேதி வந்தாலும் வராட்டியும்." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரி, சாப்ட்டியா?" என்றாள்.

ஆகஸ்ட் 7

இன்று தேதி. கொய்யா வாங்கினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சாயங்காலம் கேரம் கிளப். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருக்கிறவனுக்கு ஸ்ட்ரைக்கர் நல்லது. போர்டு பக்கத்தில் யாரும் பிடிக்கக்கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கிறார்கள். செரியன் நகர் காசிமா 2024-ல் அமெரிக்கா போய் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு சின்னப் பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். ஒன்று என்னை ரெட் போட விடாமல் தோற்கடித்தது. பத்து வயசு இருக்கும்.

ஆகஸ்ட் 13

சூயிங்கம்மையும் குறைக்கிறேன். நிக்கோட்டின் என்றால் அதுவும் நிக்கோட்டின்தான். ஷிப்ட் ஆரம்பத்தில் ஒன்று, விடியற்காலை ஒன்று. நடுவில் கிராம்பு.

ஆகஸ்ட் 15

மச்சான் வந்திருந்தார். சாப்பிட்டு மாடிக்குப் போனோம். நீட்டினார். "ஒண்ணுதான், மாமா." வேண்டாம் என்றேன். "ஒண்ணுல என்ன வந்துடும்?" அந்த ஒன்று எனக்கு எப்போதுமே ஒன்றாக இருந்தது கிடையாது, உங்களுக்கு எப்படியோ என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. தங்கச்சி வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள். எனக்குச் சொல்லத் தெரிந்ததை எல்லாம் சொல்லியிருக்கலாம், நம்பரையாவது. அடுத்த தடவை.

ஆகஸ்ட் 20

போன் வந்தது. வெள்ளிக்கிழமை ஆபரேஷனாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இரத்தம், ஈசிஜி எல்லாம் திரும்ப எடுத்தார்கள். அதே மயக்க மருந்து டாக்டர், இருமச் சொன்னார். இருமினேன். வறட்டு இருமல், சளி இல்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்கு அவரிடம் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும் போல் இருந்தது.

ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் தண்ணீர் கூடக் கூடாது. காலை ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆதார், பழைய ஸ்கேன், லுங்கி எடுத்து வைத்தாயிற்று. என் ஷிப்டை, பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற ரீச் ஸ்டாக்கர் வண்டி ஓட்டுகிற தம்பி பார்த்துக்கொள்கிறான், சீல் நம்பரைப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். சூயிங்கம் பட்டையைப் பையில் போடவில்லை. அம்மா இன்னும் தூங்கவில்லை, விளக்கு எரிகிறது, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.