கீமோ நாட்களில் கஞ்சியும் மஞ்சளும்

கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) நடக்கும்போது குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரைதான் வேறு கதை. மிளகிலுள்ள பைப்பரின், மருந்தைச் சிதைக்கும் ஈரல் நொதிகளைத் தடுக்கக்கூடியது. மருந்து உடம்பில் தேங்கிவிடலாம். எந்தச் சூரணமானாலும் டப்பாவோடு டாக்டரிடம் காட்டிவிடுங்கள், மறைக்காதீங்க.

வாய் வெந்துபோச்சா? கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், உப்பு 1 டீஸ்பூன், சமையல் சோடா 1 டீஸ்பூன். சாப்பிட்டதும் கொப்பளித்துத் துப்பணும். புளி, எலுமிச்சை எரியும். பச்சரிசி நொய்யும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, வெதுவெதுப்பானதும் 1 ஸ்பூன் நெய் விட்டுக் கொடுங்க, விழுங்கும்போது உரசாது.

வெள்ளணு (கிருமியை எதிர்க்கும் ரத்த அணு) எண்ணிக்கை இறங்கும் வாரத்தில் அருகம்புல் பச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். கொதிக்காத சாற்றில் மண்ணின் கிருமி அப்படியே இருக்கும். காய்ச்சல் 100.4°F தொட்டால் கஷாயம் வைத்துக் காத்திருக்காதீங்க, நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.