சதுர பட்டனை அழுத்தாதவர்

"அண்ணா, கேமைப் பாதியில நிறுத்தினதுதானே இவரோட கருத்து? அதையே காரணமா வெச்சு இவரை எப்படி நாம தூக்குறது?"

2020 ஜூன் 22, திங்கட்கிழமை பிற்பகலில், ரிவ்யூக்களை வகைப்படுத்தும் என் குழுவில் சேர்ந்து ஓராண்டுகூட நிறையாத ஒரு பெண் தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்வி இது. முடிக்காதவர்களின் கருத்தை எடுப்பதில்லை என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம், ஒருவருக்காக விதியைத் தளர்த்தினால் எல்லோருக்கும் தளர்த்த வேண்டியிருக்கும் என்று நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலில் பிழை இருப்பதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அதை முழுப் பிழை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆயினும் இத்தனை ஆண்டுகளில் அந்த உரையாடலை நான் எத்தனையோ முறை மனத்துக்குள் மீண்டும் நடத்திப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அது வேறொரு இடத்தில் என்னை நிறுத்துகிறது.

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்ற வீடியோ கேமின் இரண்டாம் பாகம் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான், ஜூன் 19 அன்று, பிளேஸ்டேஷன் 4-இல் வெளியாகியிருந்தது. சென்னையில் முழு ஊரடங்கு தொடங்கியதும் அதே நாளில்தான் என்பதால் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். விளையாடியவர்கள் எழுதும் ரிவ்யூக்களைப் படித்து, ஒவ்வொன்றையும் பாராட்டு, குறை, கலவை, விலக்கு என்ற நான்கில் ஒன்றாகக் குறித்து, கிளையன்ட்டுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். விலக்கு என்று குறித்த வரி கணக்கிலேயே சேராது. எதை விலக்குவது என்ற விதியைச் சனிக்கிழமை இரவு உட்கார்ந்து எழுதியவன் நான். பூஜ்யம் மதிப்பெண் கொடுத்திருந்து, கேமை முழுவதும் விளையாடியதற்கான அடையாளம் எழுத்தில் இல்லாவிட்டால் அந்த ரிவ்யூ விலக்கப்பட வேண்டும் என்பதே அந்த விதி.

அந்த விதியை நான் ஏன் எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேமை முடிக்க ஏறத்தாழ 25 மணி நேரம் வேண்டும். கடையில் விற்பனைக்கு வந்த சில மணி நேரத்திலேயே பூஜ்யங்கள் கொட்டத் தொடங்கிவிட்டன. ரிவ்யூ மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் விமர்சகர்களின் சராசரி 100-க்கு 93 என்று நின்றபோது, பொதுப் பயனர்களின் சராசரி 10-க்கு 4-க்கும் கீழே கிடந்தது. ஏப்ரல் இறுதியில் கதையின் முக்கியமான காட்சிகள் கசிந்திருந்தன. ஆபி என்ற பெண் கதாபாத்திரத்தைப் பற்றி, அவர் ஒரு திருநங்கை என்ற பொய்யான செய்தியும் அந்தக் கசிவோடு சேர்ந்தே பரவியிருந்தது. நாங்கள் படித்த பூஜ்யங்களில் பல, அந்தப் பொய்யை நம்பி எழுதப்பட்ட வசைகள். ஒரே பத்தியை எழுத்து மாறாமல் பலர் ஒட்டியிருந்தார்கள். ஆபிக்குக் குரல் கொடுத்த நடிகை லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததை அவரே ஜூலையில் வெளியிட்டபோது, நாங்கள் அந்த நான்கு நாட்களில் படித்தவை எங்கே போய் முடியக்கூடியவை என்பது எங்களுக்குப் புதிய செய்தியாக இருக்கவில்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள் நாள் முழுக்க அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு தடுப்பு வேண்டும் என்று நான் நினைத்தது உண்மை. அந்த நினைப்புக்காக இப்போதும் நான் வருந்தவில்லை.

ஆனால் அந்தப் பெண் எனக்குப் படித்துக் காட்டிய வரியில் வசை எதுவும் இல்லை. எழுதியவர் யாரென்று தெரியாது. அவர் மருத்துவமனைக் காட்சியில் நின்றுவிட்டிருந்தார். கேமின் நாயகி எல்லி, தன்னை மகளைப் போலக் காத்த ஜோயலைக் கொன்றதற்காகத் தான் பழிவாங்கத் தேடிக்கொண்டிருக்கும் ஆபி எங்கே இருக்கிறார் என்பதை அறிய, சிக்கிக்கொண்ட ஆபியின் தோழி நோராவின் முன்னால் இரும்புக் குழாயுடன் நிற்கும் காட்சி அது. திரை சிவந்திருக்கும், எல்லியின் முகம் மட்டுமே தெரியும், சதுரக் குறியிட்ட பட்டனை அழுத்தச் சொல்லி அடையாளம் தோன்றும். விளையாடுபவர் அழுத்தினால்தான் அடி விழும், அடி விழுந்தால்தான் கதை நகரும். அவர் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தாராம். தான் அழுத்தாமல் இருந்தால் எல்லி மனம் மாறுவாள் என்று எதிர்பார்த்தாராம். கேம் அசையவில்லை. அவர் கன்சோலை அணைத்துவிட்டார், இனித் திறக்கப்போவதில்லை, அதனால் பூஜ்யம் என்று முடித்திருந்தார். முதல் பாகத்தை நான்கு முறை முடித்ததாகவும் எழுதியிருந்தார்.

என் விதிப்படி அவர் வெளியே. பூஜ்யம் போட்டிருக்கிறார், முடிக்கவில்லை. அதைச் சொன்னபோதுதான் அந்தப் பெண் மேலே உள்ள கேள்வியைக் கேட்டார். நான் விதியைத் திரும்பச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இன்னொன்றும் கேட்டார்: "அப்போ வெள்ளிக்கிழமை காலையிலேயே பத்துக்குப் பத்து போட்டவங்க, அண்ணா? அவங்களும் முடிச்சிருக்க முடியாதே. அவங்களை மட்டும் பாராட்டுல வெச்சிருக்கோமே?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. தொலைபேசியில் நான் எவ்வளவு நேரம் மௌனமாக இருந்தேன் என்று நினைவில்லை. "சாயங்காலத்துக்குள்ள முடிச்சு அனுப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. பூஜ்யங்களை எதிர்ப்பதற்காகவே பத்துப் போட்டவர்கள் ஏராளமாக இருந்தார்கள். பலர் அப்படியே வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். விளையாடாமல் பாராட்டியவரை ரசிகர் என்றும் விளையாடாமல் திட்டியவரைக் கலகக்காரர் என்றும் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். வசையைத் தடுப்பதற்காக எழுதிய விதி என்றால் வசை உள்ளதை விலக்கு என்று எழுதியிருக்கலாம். முடித்திருக்க வேண்டும் என்பதுதான் நியாயம் என்றால் இரு பக்கத்துக்கும் எழுதியிருக்கலாம். பூஜ்யத்தை மட்டும் குறிப்பிட்டு எழுதியதற்கு, இந்தத் தொடர் தோற்றுவிடக்கூடாது என்ற என் ஆசையைத் தவிர வேறு காரணம் இருந்ததா என்று தேடிப் பார்க்கிறேன். முதல் பாகத்தை 2014-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த மறுபதிப்பில் விளையாடியவன் நான். அது என்னைப் பாதித்த அளவுக்கு வேறு எந்தக் கேமும் பாதித்ததில்லை. இரண்டாம் பாகத்தை அந்த ஜூனில் நான் தொடக்கூட இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். முடிக்காதவர்களின் கருத்தைத் தள்ளச் சொன்ன நான், தொடங்காதவனாக இருந்தேன்.

அந்தப் பூஜ்யங்களுக்குள் எத்தனை விதமான மனிதர்கள் இருந்தார்கள் என்பதை அறிக்கையில் நாங்கள் காட்டவே இல்லை. தொற்றால் உலகம் சிதைந்த பின் இருபது ஆண்டுகள் எவரையும் நம்பாமல் உயிர்பிழைத்த, முதல் பாகத்தின் நாயகன் ஜோயல், முன்பின் அறியாத ஒரு கூட்டத்தின் நடுவே அத்தனை எளிதாகப் போய் நிற்பாரா என்று கேட்டவர்கள் கதையை நுணுக்கமாகப் படித்தவர்கள். ஜோயலைக் கோல்ஃப் மட்டையால் அடித்துக் கொன்ற ஆபியையே, எல்லி சியாட்டில் நகரில் கழித்த அதே மூன்று நாட்களுக்கு நாயகியாக வைத்து விளையாட வேண்டும் என்று கேம் பாதியில் திரும்பும்போது, உச்சத்தில் கதையை அறுத்துவிட்டார்கள் என்று கோபப்பட்டவர்கள் கட்டமைப்பைப் பற்றிப் பேசினார்கள். டிரெய்லரில் ஜோயல் வருவதாகக் காட்டிய ஒரு காட்சியில், கேமில் ஜெஸ்ஸி என்ற இளைஞன்தான் வருகிறான். ஜோயலோடு இன்னொரு பயணம் என்று நம்பிக் காசு கொடுத்தவர்கள் தாங்கள் ஏமாற்றப்பட்டதாகச் சொன்னதில் எனக்கு மறுப்பே கிடையாது. கதையின் அதிர்ச்சியைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று வாதிடுவோர் உண்டு. ரசிகனிடம் பொய் சொல்லாமலும் ஒரு மரணத்தை மறைத்து வைக்க முடியும் என்றே நான் நினைக்கிறேன். இவர்களையெல்லாம் வசைபாடியவர்களோடு ஒரே தட்டில் போட்டது அந்த வாரத்தின் பொதுவான பழக்கமாக இருந்தது. எங்கள் ஷீட் அதற்கு ஒரு எண்ணிக்கை வடிவம் கொடுத்தது.

ஆனாலும் அந்தப் பட்டனை அழுத்தாதவரின் கதை இவர்களிலிருந்தும் வேறானது. 2013-இல் வந்த முதல் பாகத்தின் முடிவை நினைத்துப் பார்க்கிறேன். அங்கேயும் மருத்துவமனைதான். அவள் உயிரையே பறிக்கப்போகும் அறுவை சிகிச்சைக்காக மேசையில் எல்லி மயக்கத்தில் கிடக்கிறாள். மருத்துவர் கையில் சிறு கத்தியோடு குறுக்கே நிற்கிறார். அவரைக் கொல்லாமல் அந்த அறையைக் கடக்க முடியாது. ஓரமாக நிற்கும் மற்ற இருவரை விட்டுவிடலாம். அவரை விட முடியாது. ஜோயலின் கையால் அவரைச் சுட்டுவிட்டு, நான் ஒரு கணம்கூடத் தயங்காமல் எல்லியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த மருத்துவருக்கு ஒரு மகள் இருந்தாள், அவள்தான் ஆபி என்பதே இரண்டாம் பாகத்தின் அடித்தளம். அன்றும் கேம் நம்மை வற்புறுத்தியது. அன்று நமக்கு அது வற்புறுத்தலாகத் தெரியவில்லை, ஏனென்றால் நம் விருப்பமும் அதுவாக இருந்தது. முதல் பாகத்தை நான்கு முறை முடித்தவர் அந்த மருத்துவரை நான்கு முறை கொன்றிருக்கிறார். ஏழாண்டு கழித்து அதே ஆள் நோராவின் முன்னால் கன்ட்ரோலரைக் கீழே வைக்கிறார் என்றால், கேம் அவரிடம் தோற்றதா, வென்றதா? எங்களிடம் இருந்த நான்கு குறிகளில் எது அவருக்குப் பொருந்தியிருக்கும்? குறை என்று போட்டிருந்தால்கூட அது சரியாக இருந்திருக்காது என்று என் பக்கத்துக்கு ஒரு நியாயம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சரியான இடம் இல்லாத கருத்தைத் தூக்கி எறிவது, தவறான இடத்தில் வைப்பதைவிட மேலானதா என்று உடனே எனக்குள் கேள்வி எழுகிறது.

ஜூலை மாதத்தில் மெட்டாக்ரிட்டிக், எந்தக் கேம் வெளியானாலும் முதல் 36 மணி நேரத்துக்குப் பயனர் ரிவ்யூ எழுத முடியாது என்று நடைமுறையை மாற்றியது. நம் விதியைத்தான் அவர்களும் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அலுவலகக் குழுவில் ஒருவர் எழுதினார். பலர் கைதட்டல் குறி போட்டார்கள். நான் எதுவும் போடவில்லை. அவர்கள் பூஜ்யக்காரரையும் பத்துக்காரரையும் ஒன்றாகக் காக்க வைத்தார்கள். எங்கள் விதியில் காத்திருப்பதற்கு இடமே இல்லை. டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருது இதற்கே கிடைத்தபோதும், முதல் மூன்று நாட்களில் 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்த செய்தியை மறுபடி எடுத்துக்காட்டி, நம் அறிக்கை சரியாகத்தான் கணித்தது என்று மேலாளர் பாராட்டினார். விற்பனையும் விருதும் ஒரு ரசிகரின் மனத்தில் என்ன நடந்தது என்பதற்குச் சான்றாக முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆண்டு இறுதி, மதிப்பீட்டுக் காலம், நானும் குடும்பஸ்தன். இதைக் காரணமாகச் சொல்கிறேனே தவிர, போதுமான காரணம் என்று சொல்லவில்லை.

அடுத்த ஆண்டில்தான் நான் இரண்டாம் பாகத்தை விளையாடினேன். எதிரி ஒருவன் விழுந்தால் இன்னொருவன் அவன் பெயரைச் சொல்லி அலறுவான். அந்தப் பெயர்களைக் கேட்கக் கேட்க என் கை தளர்ந்தது. மருத்துவமனைக் காட்சி வந்தது. நானும் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் எழுதியது உண்மையா என்று பார்ப்பதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. எல்லியின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அழுத்தினேன். மூன்று முறை அழுத்த வேண்டும். கடைசிவரை விளையாடினேன், எல்லி ஆபியை விட்டுவிடுகிற கடற்கரையையும், விரல்களை இழந்த கையால் அவள் கிட்டாரை வாசிக்க முடியாமல் போகிற வீட்டையும் பார்த்தேன். மிகச் சிறந்த படைப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த முடிவை அடையும் தகுதியை எனக்குத் தந்தது நான் அழுத்திய அந்த மூன்று அடிகள் என்பதை நினைத்தால், முடித்தவர்களின் கருத்துக்கே மதிப்பு என்று நான் எழுதிய வாக்கியம் தொண்டையில் நிற்கிறது.

2025 ஏப்ரலில், இதன் தொலைக்காட்சித் தொடரில் ஜோயல் இறக்கும் பகுதி ஒளிபரப்பான வாரத்தில், அந்தப் பெண் என்னை அழைத்தார். இப்போது வேறொரு நிறுவனத்தில், அவரே ஒரு குழுவை நடத்துகிறார். பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த வரியை நினைவிருக்கிறதா, அன்றைக்கு உங்களை அதை நீக்க வைத்துவிட்டேனே என்று கேட்டேன். அவர் உடனே மறுத்தார். "நீக்கலையே அண்ணா. நீங்க ஒண்ணும் சொல்லாம, முடிச்சு அனுப்புங்கன்னு சொன்னீங்க. வெச்சுக்கத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன். கலவையில போட்டேன்."

பத்துப் போட்டவர்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர்களைத் தொடவில்லை, அதைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லையே என்றார். இறுதி அறிக்கையை அனுப்பும் முன் வரிவரியாகச் சரிபார்க்க வேண்டியவன் நான். அந்த வாரம் சரிபார்த்தேனா என்பது எனக்கு நினைவில்லை.