இழவு வீட்டில் வெந்த கறி

போன வாரம் ராத்திரி தூக்கம் வராமல் 'ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் பிரசென்ட்ஸ்' தொடரில் ஒரு கதை பார்த்தேன். 1958 ஏப்ரலில் வந்தது. ரோல்ட் டால் எழுதி ஹிட்ச்காக்கே இயக்கியது. மேரி கர்ப்பிணி. போலீஸ்காரப் புருஷன் வீட்டுக்கு வந்து, உன்னை விட்டுப் போகிறேன் என்கிறான். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஆட்டுத்தொடை அவள் கையில், கல் மாதிரி. ஒரே போடு, ஆள் காலி. அப்புறம் அதையே ஓவனில் வைத்துவிட்டு, கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்து போலீசைக் கூப்பிடுகிறாள். ஆயுதம் தேடி வீட்டையே புரட்டிப் போட்டவர்களுக்கு அந்தக் கறியையே பரிமாறுகிறாள். ஆயுதம் நம் மூக்குக்குக் கீழேகூட இருக்கலாம் என்று அவர்கள் பேசிக்கொண்டே சாப்பிட, தனியாக உட்கார்ந்து மேரியாக நடித்த பார்பரா பெல் கெடிஸ் சிரிக்கும் சிரிப்பு இருக்கிறதே! கடைசியில் ஹிட்ச்காக் வந்து, இரண்டாவது புருஷனையும் இப்படியே முடிக்கப் பார்த்து மாட்டிக்கொண்டாள், அவன் ஃப்ரீசர் பிளக்கைச் சொருக மறந்ததில் கறி கொழகொழத்துவிட்டது என்கிறார். விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஆனால் என்னைத் தைத்தது கொலை இல்லை. புருஷன் செத்த அன்றே அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, நிறுத்த ஒரு ஆள் இல்லை! நம்மூரில் இந்தக் கதை நடக்கவே நடக்காது. அவள் வாய் திறப்பதற்குள் தெருவே கூடியிருக்கும், பக்கத்து வீட்டு அத்தை முதல் வேலையாக அடுப்பை அணைத்திருப்பாள், சம்பந்தி வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருக்கும். தொடை அரைவேக்காட்டில் அப்படியே போலீஸ் கையில் கிடைத்திருக்கும்.

நியூ ஜெர்சி எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. ஞாயிறு சமையலுக்கு முந்தின ராத்திரியே கறியை ஃப்ரீசரிலிருந்து இறக்கி வைப்பதெல்லாம் தானாக வருகிறது. பெரியப்பா தவறின செய்தி வந்ததும் இங்கேதான், விடியற்காலையில். பிள்ளைக்கு ஸ்கூல் பஸ் வந்துவிடும் என்று தோசை சுட்டேன், டப்பாவில் தயிர்சாதம் கட்டினேன். ஊரில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள், வாட்ஸ்அப்பில் படம் வந்தது. சின்ன வயதில் திருவிழாவுக்கெல்லாம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர். பக்கத்து வீட்டுக்காரர் எப்போதும்போல் கையை ஆட்டிவிட்டுக் காரை எடுத்தார். நல்ல மனுஷர்தான், அவருக்கு எப்படித் தெரியும்? ஜன்னலெல்லாம் இரட்டைக் கண்ணாடி, அழுதால்கூட வெளியே கேட்காது.

அதற்கப்புறம் இந்தக் குடியிருப்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பேசி வைத்துக்கொண்டோம். ஊரிலிருந்து யாருக்கு அப்படிச் செய்தி வந்தாலும் குழுவில் ஒரு வரி போட வேண்டியது, அவர்கள் வீட்டுச் சமையல் மற்றவர்கள் பொறுப்பு. சமீபத்தில் எதிர் பிளாக் அக்காவுக்கு அவர் அம்மா போன செய்தி வந்தபோது நான்தான் ரசஞ்சாதம் கொண்டுபோனேன். எதுக்கும்மா சிரமம் என்றார். காரியம் முடியும்வரை நீங்கள் அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குத் தட்டை எடுத்து வைத்தேன்.