உள்ளானும் லக்சாவும்

பினாங்கிலிருந்து வந்து சென்னையில் குடியேறி மூன்றாண்டுகள் ஆகின்றன. எங்கள் வாரம் இப்போது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில்தான் தொடங்குகிறது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்நிலத்தின் ஒருபுறம் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு கிடக்க, மறுபுறம் நெடுங்கால் உள்ளான் ஒன்று தன் இளஞ்சிவப்புக் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவைத்து, ஊசி போன்ற கரிய அலகால் நீர்ப்பரப்பைக் கொத்திக்கொண்டு நடந்ததைத் திங்கள்கிழமை அரைமணி நேரம் பார்த்திருந்தோம். பூநாரைகளைக் காணவில்லை என்று கணவர் சலித்துக்கொண்டார். எனக்கு அந்த உள்ளானே போதும்.

புதனன்று மயிலாப்பூரில் காய்கறி வாங்கியதோடு சரி. வியாழனன்று விருந்துக்கு வந்த நண்பர்களில் ஒருவர், நான் சமைத்த அசாம் லக்சா என்னும் புளிப்பு மீன் நூடுல்ஸ் சூப்பை மீன்குழம்பு என்றெண்ணிச் சோறு கேட்டார் (புளி அப்படி, அவரைக் குறை சொல்வதற்கில்லை). ஞாயிறன்று வேடந்தாங்கலுக்குப் புறப்பட்டு, செங்கல்பட்டருகே டயர் பஞ்சராகிவிட்டதால், கொளவாய் ஏரிக்கரையில் நீர்க்காகங்கள் சிறகுலர்த்துவதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினோம்.