எட்டாம் ஆண்டோடு பள்ளி முடிந்துவிடும் தீவு

நியூசிலாந்தின் தென்கோடியில் பிளஃப் துறையிலிருந்து ஃபோவோ நீரிணையைத் தாண்டி ஒரு மணி நேரம் படகில் வந்தால் ஸ்டூவர்ட் தீவு. மாவோரிப் பெயர் ராகியுரா. தீவின் பெரும்பகுதி தேசியப் பூங்கா, மக்கள் சுமார் 400 பேர்தான், அதிலும் கிட்டத்தட்ட எல்லோரும் ஓபன் என்ற ஒரே ஊரில். கணவருக்கு இங்கே சால்மன் பண்ணையில் வேலை கிடைத்ததால் வந்தோம்.

ஊரில் இருக்கும் ஒரே பள்ளி எட்டாம் ஆண்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டிய பிள்ளைகளில் பலர் கடலைத் தாண்டி விடுதிக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் மகளுக்கு 13 வயது. புது நாட்டில் வந்து இறங்கிய கையோடு அவளை விடுதியில் விட எனக்கு மனம் வரவில்லை. தே குரா என்று அரசின் அஞ்சல்வழிப் பள்ளி ஒன்று உண்டு, 1922-லேயே இப்படி ஒதுக்குப்புறத்தில் இருக்கும் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, நல்ல ஏற்பாடு. ஆனால் தமிழும் சேர்த்து எங்கள் போக்கில் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டதால் வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுத்தோம்.

இங்கே 6 முதல் 16 வயது வரை பள்ளி கட்டாயம், ஆகவே கல்வி அமைச்சகத்திடம் விலக்கு வாங்க வேண்டும். ஆசிரியர் பட்டமெல்லாம் கேட்பதில்லை. பள்ளியில் நடப்பதைப் போலவே ஒழுங்காகவும் நன்றாகவும் கற்பிப்போம் என்று எழுத்தில் காட்டினால் போதும்: வாரம் எப்படிப் போகும், என்னென்ன புத்தகங்கள், அப்புறம் ஏதாவது ஒரு தலைப்பை எடுத்து அதை எப்படிப் படிப்படியாக நடத்துவீர்கள் என்பது வரை. நான் எடுத்துக்கொண்ட தலைப்பு கடல் ஏற்றவற்றம்.

எழுதிக்கொடுத்ததை அப்படியே நடத்தினோம். படகுத்துறைத் தூண் ஒன்றைக் குறியாக வைத்து, நீர் எத்தனை மணிக்கு, எதுவரை ஏறுகிறது என்று அவள் தினமும் குறித்துக்கொண்டு வருவாள். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதை நான் சொல்வதற்கு முன்பே அவள் வரைபடம் காட்டிவிட்டது. ஒருநாள் காற்றும் மழையுமாக இருந்தபோது ஏற்றவற்ற அட்டவணையில் போட்டிருந்ததைவிடத் தண்ணீர் நன்றாக மேலே ஏறியிருந்தது. துறையில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர்தான் காற்றழுத்தமானியைப் பார்க்கச் சொன்னார். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அதை அளக்கும் அலகு) குறைந்தால் கடல் சுமார் 1 சென்டிமீட்டர் எழும்பும் என்று வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டோம், மீதியைக் கரையை நோக்கி அடித்த காற்று தள்ளியிருக்கிறது. அவளுக்கு அறிவியல் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து நான் செய்வது இதுதான்: எனக்குத் தெரியாததைத் தெரிந்தவர் ஊரில் யார் என்று முதலில் விசாரிப்பேன். ஊர் முழுக்க டீசல் ஜெனரேட்டரில் ஓடும் மின்சாரம், எலிகளை ஒழித்துப் பறவைகளுக்கு விட்ட பக்கத்து உல்வா தீவு, எல்லாவற்றுக்கும் அருகிலேயே ஒரு ஆள் இருக்கிறார், கேட்டால் மணிக்கணக்கில் பேசுகிறார். கணக்கும் தமிழும் மட்டும் சமையலறை மேசையில், காலையில், தவறாமல்.

படிப்பு கவலையில்லை. கஷ்டம் துணைக்குத்தான். அவள் வயதுப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து போகிறவர்கள், அவர்கள் திரும்பிப் போன வாரம் முழுக்க அவள் முகமே சரியாக இருக்காது. இதை அம்மா அப்பாவால் ஈடுகட்டிவிட முடியும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதனால் கடலுக்கு அந்தப் பக்கம் பிளஃபுக்கு அருகே இருக்கும் இன்வர்கார்கில் நகரத்தில் வீட்டில் படிக்கும் வேறு பிள்ளைகளோடு இருக்க அவளை அடிக்கடி அழைத்துப் போகிறோம். இப்படி ஒரு தீவுக்குப் பிள்ளையோடு வர நினைக்கிறவர்கள் புத்தகச் செலவைவிடப் படகுச் செலவுக்குத் தாராளமாக ஒதுக்கிவையுங்கள். நாள் குறிக்கும்போது முன்பின் ஒரு நாள் விட்டுக் குறியுங்கள், கடல் கொந்தளித்தால் படகு ஓடாது.