வைவாவில் என்னை முழிக்க வைத்த 100 கிலோமீட்டர்

பி.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டரில் என் புராஜெக்ட், நிலவைச் சுற்றும் கலங்களின் பாதைகள். திருமங்கலத்தில் பஸ் ஏறி வந்து, புது நத்தம் ரோட்டு கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து எண்களை எல்லாம் மனப்பாடம் செய்தேன். (சந்திரயான்-3 கிளம்பியது 2023 ஜூலை 14, அந்த நூலகம் திறந்தது மறுநாள். இதை முன்னுரையிலேயே எழுதியிருந்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.)

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், கேட்டார்: "சந்திரயான்-1 100 கி.மீ. உயரத்துல சுத்துச்சுன்னு எழுதிருக்க. ஏன் 20 இல்ல, ஏன் 500 இல்ல?"

முழித்தேன். சரி, வேகத்தையாவது போடு என்றார். பதற்றத்தில் ஆரத்துக்குப் பதில் 100-ஐப் போட்டேன். நொடிக்கு 7 கி.மீ. வந்தது. "நிலவை விட்டுத் தப்பிக்கவே 2.4 போதும் தம்பி. உன் கலம் எங்க போகுது?"

உயரத்தோடு நிலவின் ஆரம் 1,737-ஐக் கூட்ட மறக்காதீர்கள். 1,837 போட்டால் நொடிக்கு 1.63 கி.மீ., ஒரு சுற்றுக்கு 118 நிமிடம்.

இனி அவர் கேட்ட 'ஏன்'. நிலவில் காற்று இல்லை, உரசல் இல்லை. அப்புறம் தரையை ஒட்டியே பறக்கலாமே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் நிலவின் தரைக்கடியில் அங்கங்கே அடர்த்தியான பாறைத்திரள்கள் உண்டு. அவற்றுக்கு மேலே போகும்போதெல்லாம் ஈர்ப்பு கூடிக் குறைந்து பாதை கோணலாகும். 1972-இல் அப்பல்லோ 16 விட்டுவந்த குட்டித் துணைக்கோள் 35 நாளில் தரையில் மோதியது இதனால்தான். கீழே இறங்க இறங்க இந்த இழுப்பு அதிகம், திருத்தத்துக்கு எரிபொருளும் அதிகம். எரிபொருள் தீர்ந்தால் கலத்தின் ஆயுசும் முடிந்தது. சாய்வுக் கோணம் (நிலவின் நடுக்கோட்டிலிருந்து பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது) 27, 50, 76, 86 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் தாழ்ந்த பாதைகூட நெடுநாள் தாங்கும். இதைச் சொன்னால் எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்காருவார், நான் சொல்லவில்லை.

மேலே போனால் சிக்கல் கேமராவுக்கு. சித்திரைத் திருவிழாவில் ஆற்றோரம் நின்றால் அழகர் முகம் தெரியும், கூட்டம் தெரியாது. தள்ளி ஒரு மொட்டைமாடியில் நின்றால் கூட்டம் தெரியும், அழகர் பொட்டாகிவிடுவார். சந்திரயான்-1 கேமரா 100 கி.மீ.யிலிருந்து 5 மீட்டர் நுணுக்கத்தில் (அதைவிடச் சிறியது தனியாகத் தெரியாது) 20 கி.மீ. அகலப் பட்டையைப் படமெடுத்தது. 2009 மே மாதம் 200 கி.மீ.க்கு ஏற்றியபோது பட்டை இரட்டிப்பானது, நுணுக்கம் பாதியானது.

சந்திரயான்-3 தாழ்ந்தது 25 கி.மீ. வரை. ஆனால் அது 25 கி.மீ.க்கும் 134 கி.மீ.க்கும் இடையே ஏறி இறங்கும் நீள்வட்டத்தின் தாழ்ந்த முனை மட்டும். தரையிறக்கம் அங்கிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவே. இதை 100-ஓடு ஒப்பிட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வைவாவுக்கு முன்னால் ஒன்று போட்டுப் பாருங்கள். கலம் ஒரு சுற்று முடிப்பதற்குள் நிலவின் நடுக்கோடு அதற்குக் கீழே சுமார் 33 கி.மீ. நகர்ந்துவிடும். பட்டையோ 20 கி.மீ. விட்டுப்போன 13 கி.மீ.யை எப்போது படமெடுப்பார்கள்?